"மறந்துவிடு" என்றால் மறந்துவிடுமா?

கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடுகிறோம்.

மனம் முறிந்தால் என்ன செய்கிறோம்?

"நடந்தது நடந்துவிட்டது. மறந்துவிடு!" என்கிறோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம்.

இது மருந்தே அல்ல. மறக்க முடிந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பாரே!

ஓயாத நினைவு

பஸ் விபத்தில் தப்பியவர், தீயில் சிக்கி மீண்டவர், வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர், முரடனிடம் அகப்பட்டு மானபங்கப்பட்ட பெண். இவர்களில் பலர் நாளடைவில் தேறிவிடுகிறார்கள். சிலர் தேறுவதில்லை.

அவர்களுக்கு அது பழைய கதை அல்ல. இந்த நிமிஷம் கண் எதிரே நடப்பது போல இருக்கிறது. "பிரேக்" சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். இரவில் அலறிக்கொண்டு எழுந்திருப்பார்கள். சம்பவம் நடந்த தெருப் பக்கமே போகமாட்டார்கள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "கோழை" என்கிறார்கள். "காற்றுக் கருப்பு பட்டிருக்கிறது" என்று மந்திரிக்கப் போகிறார்கள்.

இரண்டும் தவறு. இது ஒரு நோய்.

வியட்நாம் போர் 1975-ம் ஆண்டு முடிந்தது. ஊர் திரும்பிய அமெரிக்க சிப்பாய்களில் பலருக்குப் போர் முடியவில்லை! வீட்டுக் கட்டிலில் படுத்தாலும் குண்டுச் சத்தம் கேட்டது. துப்பாக்கி பிடித்த வீரர்களைக் கோழை என்று சொல்ல முடியுமா? 1980-ம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

பூங்காவில் பிறந்த யோசனை

நோய் என்றால் சிகிச்சை வேண்டுமே! அதில் ஒன்றுதான் கண் அசைவு சிகிச்சை. "இ.எம்.டி.ஆர்." என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

இதைக் கண்டவர் பிரான்சைன் ஷாப்பிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி. 1987-ம் ஆண்டு ஒரு நாள், மனதை உறுத்தும் நினைவுகளோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தார். சற்று நேரத்தில் அந்த உறுத்தல் குறைந்தது. ஏன் என்று யோசித்தார். அப்போது தம் கண்கள் இடமும் வலமும் வேகமாக ஓடியதைக் கவனித்தார்.

அவர் அதோடு விட்டுவிடவில்லை. போரிலும் பலாத்காரத்திலும் மனம் புண்பட்ட 22 பேரிடம் சோதித்தார். 1989-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்.

எப்படி நடக்கிறது?

முதலில் டாக்டர் நோயாளியின் வரலாற்றைக் கேட்பார். படபடப்பு வந்தால் மனதை அமைதிப்படுத்தும் வழியைச் சொல்லிக் கொடுப்பார். அதன் பிறகுதான் சிகிச்சை.

நோயாளி அந்தக் கொடிய காட்சியை மனதில் கொண்டுவர வேண்டும். "வேதனை எவ்வளவு? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்" என்பார் டாக்டர். 9 என்பார் ஒருவர். 10 என்பார் மற்றொருவர்.

டாக்டர் 2 விரல்களை அவர் முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாக அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் விரலைத் தொடர வேண்டும். அரை நிமிஷம் போல ஆனதும் நிறுத்துவார். "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்பார். மறுபடியும் விரல் அசையும்.

இப்படியே வேதனையின் எண் படிப்படியாக இறங்கும். "என்னால்தான் நடந்தது" என்று புலம்பியவர், "அது முடிந்துவிட்டது. நான் தப்பிவிட்டேன்" என்று சொல்லும் நிலைக்கு வருவார். ஒரு தடவைக்கு 1 மணி முதல் 1½ மணி நேரம் ஆகும். பல தடவை வர வேண்டியிருக்கும்.

இது மயக்கி வசப்படுத்தும் வித்தை அல்ல. நோயாளி விழித்தே இருக்கிறார். நினைவும் அழிந்து போவதில்லை. அதன் கொடுக்குத்தான் முறிகிறது.

காரணம் என்ன?

மனதுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. காட்சியையும் நினைத்து, விரலையும் தொடர்ந்தால், காட்சியின் பளபளப்பு மங்குகிறது. இது ஒரு சாரார் கருத்து.

"கண் அசைவில் ஒன்றும் இல்லை. பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் துணிந்து பார்ப்பதே மருந்து" என்கிறார்கள் மற்றொரு சாரார்.

விவாதம் விஞ்ஞானிகளோடு இருக்கட்டும். நோயாளிக்கு வேண்டியது குணம். 2013-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. பேசியே பயத்தைப் போக்கும் வேறு முறையையும் கூடவே சொல்லியிருக்கிறது. ஆகவே இது ஒன்றே வழி என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. நடந்ததை ஒன்றுவிடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை! மானபங்கப்பட்ட பெண்ணால் அதை எப்படிச் சொல்ல முடியும்? சொல்ல முடியாமலே எத்தனை பேர் மனதுக்குள் வெந்துகொண்டிருக்கிறார்கள்! வாய் திறக்க முடியாதவருக்கும் இங்கே வழி இருக்கிறது.

வீட்டில் வேண்டாம்

"விரலை ஆட்டுவதுதானே? நானே செய்கிறேன்" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. புண்ணைத் திறக்க யாராலும் முடியும். மூடத் தெரிய வேண்டாமா? இதற்கென்று பயிற்சி பெற்ற மனநல நிபுணர்தான் செய்ய வேண்டும்.

வீட்டாருக்கு வேறு வேலை இருக்கிறது. "என்ன நடந்தது, சொல்" என்று துருவாதீர்கள். கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் இருங்கள். ஒரு மாதம் சென்றும் நடுக்கமும் கெட்ட கனவும் நீங்காவிட்டால் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எங்கே போவது என்று தெரியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி இது. தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

புண்பட்டவரிடம் "மறந்துவிடு" என்று சொல்லாதீர்கள்.

"வா, டாக்டரிடம் போவோம். நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.