சங்கும் கல்லும்

கேரள அரசின் இலச்சினையில் இரு யானைகள் காக்கும் சங்கு திருவிதாங்கூர் அரசமரபுக்குரியது. 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியோடு மலபாரும் இணைந்து மொழிவழி மாநிலம் உருவானது. எனினும், கொச்சி அரசின் பல்லக்கும் விளக்கும் இலச்சினையில் இடம்பெறவில்லை. மலபாருக்கென ஓர் அடையாளமும் இல்லை.

கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் இன்றில்லை. அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடச் சுவரில் பதிக்கப்பட்டு எஞ்சியுள்ளது. கடல்வழி வந்தோரின் வரலாற்றை அக்கல் சொல்கிறது, இலச்சினை சொல்வதில்லை.

சரக்கொன்றை, தென்னை, யானை ஆகிய மாநிலச் சின்னங்கள் நிலத்தைச் சுட்டுகின்றன. இலச்சினையோ அரண்மனையைச் சுட்டுகிறது. ஒரு குறியின் பொருள், தேர்ந்தெடுக்கப்படாத பிற குறிகளையும் சார்ந்தது என்பது மொழியியலின் பாலபாடம். ஆகவே, சின்னங்கள் பண்பாட்டைப் பிரதிபலிக்கின்றன என்று கற்பிப்பதோடு அமையாமல், யாருடைய வரலாறு அவற்றில் விடுபட்டது என்றும் வகுப்பறையில் வினவுதல் வேண்டும்.