உழவர் சந்தையும் நம் கடமையும்

நம் மக்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்து வருகிறது. பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் பண்டத்திற்கு அச்சடித்த விலை என்னவோ, அதை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஆனால் தன் கொல்லையில் பறித்த கீரையை விடியற்காலையில் தலையில் சுமந்து வந்து விற்கும் ஒரு அம்மாளிடத்தில் மாத்திரம், கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால்தான் ஆயிற்று என்று கால் மணி நேரம் வழக்காடுகிறார்கள். இதில் அறிவு எங்கே? நியாயம் எங்கே?

விளைவிக்கிறவனுக்கும் உண்ணுகிறவனுக்கும் நடுவில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதை யாராவது யோசிக்கிறோமா? 2024-ல் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின்படி, நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உழவனுக்குச் சேருவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. பாக்கியெல்லாம் தரகு, வண்டிக் கூலி, அழுகல் நஷ்டம், வியாபாரிகளின் லாபம் என்று போய்விடுகிறது. வெயிலில் நின்றவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, நிழலில் நின்றவர்களுக்கு இரண்டு பங்கு என்றால் இதை எப்படி நியாயம் என்று சொல்லுவது?

இக்குறையைப் போக்கவே பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி'யும், ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜா'ரும் ஏற்பட்டன. அதே வருஷம் நவம்பர் 14-ந் தேதி மதுரையில் நம் நாட்டு முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவனுக்கு அடையாள அட்டை உண்டு, கடைக்கு வாடகையில்லை, தராசு இலவசம், அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். வாங்குகிறவனுக்குக் கடை விலையைவிடக் குறைவு, விற்கிறவனுக்குத் தரகன் கொடுப்பதைவிட அதிகம் என்பதே இதன் தத்துவமாகும்.

நிற்க, இது உழவனுக்கு நாம் போடும் பிச்சையல்ல. நம் உடம்புக்கே நன்மையானது. கீரையும் காயும் பறித்தபின் வாட வாட, அவற்றிலுள்ள வைட்டமின் சி குறைந்துகொண்டே போகிறது. நேற்று மாலை பறித்தது இன்று காலை கிடைக்குமிடம் சந்தைதான். ஒவ்வொருவரும் தினம் 400 கிராமாவது காயும் பழமும் உண்ணவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. ஏழைக் குடும்பம் அவ்வளவு வாங்கவேண்டுமானால், பருவத்தில் மலிந்ததை வாங்குவதே வழி.

ஆனால் ராகுகாலம் பார்ப்பதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்கள், எந்தக் காய் எந்த மாதத்தில் விளையும் என்று பார்ப்பதில்லை. தை மாதத்தில் மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் குவிந்து கிடக்க, அக்காலத்தில் விளையாததைத் தேடி விலை கொடுக்கிறார்கள். மாம்பழக் காலம் வருமுன்பே மாம்பழம் கேட்கிறார்கள். வியாபாரியும் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறான். 2011-ம் வருஷத்து விதிகளில் அது தடுக்கப்பட்டிருந்தும், நம் அவசரம் இருக்கும்வரை அந்தக் கல்லுக்கும் வேலையிருக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிள் வாங்கிப் போவதே மரியாதை என்று நினைக்கிறார்கள். ஆப்பிளைவிடப் பன்மடங்கு வைட்டமின் சி உள்ள கொய்யாவை வாங்கிப் போனால் கௌரவம் குறைந்துவிடுமாம்! விலை உயர்ந்ததே உயர்ந்தது என்பதும் ஒரு மூட நம்பிக்கையே அல்லவா?

மற்றொரு விஷயம். சந்தைக்குப் பை தூக்கிப் போவது பெண்கள் வேலையென்று ஆண்கள் தூங்குகிறார்கள். உண்ணும் வாய் இருவருக்கும் உண்டு. பை தூக்கும் கை மட்டும் ஒருவருக்குத்தானா?

சந்தையிலும் குறைகளில்லாமல் இல்லை. உழவன் வேஷத்தில் வியாபாரி நுழைவதாகப் பல ஊர்களில் புகார் இருக்கிறது. சந்தையும் பெரும்பாலும் காலையோடு முடிந்துவிடுகிறது. விடியுமுன் வேலைக்குப் போய் மாலையில் கூலி வாங்குகிற தொழிலாளிக்கு அதனால் என்ன பலன்? எல்லா ஊர்களிலும் மாலையிலும் சந்தை நடத்தவேண்டுமென்று சர்க்காரைக் கேட்பது நம் கடமையாகும்.

ஆகவே தோழர்களே! வாரத்தில் இரண்டு நாளாவது உழவர் சந்தைக்குப் போங்கள். விலைப் பலகையைப் பாருங்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். பருவத்தில் விளைந்ததை வாங்குங்கள். பலகையில் எழுதிய விலையை, வழக்காடாமல், பெரிய கடையில் கொடுக்கும் அதே மரியாதையோடு கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.