மண்டியை மறந்த மேஸ்திரி புராணம்

கோப்பைகளாக வாங்கிக் குவித்த மூத்த பயிற்சியாளரை அழைத்துவந்து உட்காரவைத்தால், அடுத்த கோப்பையும் பின்னாலேயே வந்துவிடும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை. அதற்குச் சாட்சியாக எங்கள் பக்கத்துத் தோல் மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறார் கட்டுரையாளர். விரலால் தடவியே தரம் சொல்லும் மேஸ்திரியைப்போலத்தான் அனுபவசாலிப் பயிற்சியாளரும் என்கிறார். குடியாத்தத்தில் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ எந்த மேஸ்திரியை வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் அவர் பேசுவது மண்டியிலிருந்து வந்திறங்கிய பச்சைத்தோலைப் பற்றித்தான், தன் கையைப் பற்றியல்ல. உண்ணி கடித்த தோல், உரிக்கும்போது கத்தி பட்ட தோல், உப்பு போதாமல் முடி உதிர்ந்த தோல் எல்லாம் எந்தக் கைக்குப் போனாலும் முதல் தரம் ஆகாது. இன்னொன்றும் உண்டு. ஆவாரம்பட்டைத் தொட்டியில் பதம் பார்த்துப் பழகியவர்களின் திறமை, குரோம் டிரம் வந்த அன்றைக்கே செத்துவிடவில்லை. அரைப்பதத் தோலைக் குறைத்து, முடித்த தோலாக ஏற்றுமதி செய்யவேண்டும் என்று 1970களில் அரசு கொள்கையை மாற்றியது. அதன் பிறகுதான் அந்தத் திறமையைக் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். தன் உவமையைக் கடைசிவரை யோசித்திருந்தால் கட்டுரையாளர் பேனாவை மூடி வைத்திருப்பார்.

அவருடைய பெரிய சாட்சி சந்திரகாந்த் பண்டிட். மும்பைக்கு மூன்று, விதர்பாவுக்கு இரண்டு, மத்தியப் பிரதேசத்துக்கு ஒன்று என ஆறு ரஞ்சிக் கோப்பைகள். 1999-இல் கேப்டனாகத் தோற்ற அதே பெங்களூர் சின்னசாமி மைதானத்தில், 2022-இல் பயிற்சியாளராக வென்றார். நானும் அன்று கைதட்டியவன்தான். ஆனால் கட்டுரை அந்த இடத்திலேயே வசதியாக நின்றுவிடுகிறது. அதே ஆண்டு கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. 2023-இல் ஏழாம் இடம், 2024-இல் கோப்பை, 2025-இல் எட்டாம் இடம், ஜூலையில் பிரிவு. மூன்று ஆண்டும் அதே பண்டிட், அதே ஆறு கோப்பைகள். கோப்பைக்கும் எட்டாம் இடத்துக்கும் நடுவே கேப்டன் ஷ்ரேயாஸ் ஐயர் பஞ்சாபுக்குப் போனார், பில் சால்ட்டும் ஸ்டார்க்கும் போனார்கள், ஆலோசகராக இருந்த கம்பீர் இந்திய அணிக்குப் போனார். ஷ்ரேயாஸ் போய்ச் சேர்ந்த பஞ்சாப் அந்த ஆண்டு இறுதிப் போட்டிவரை வந்தது. மண்டி மாறினால் சரக்கு மாறும் ஐயா.

நம் மாநிலக் கதையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. நான் தொடுகிறேன். 2012-13-இல் மும்பைக்கு ரஞ்சி வாங்கித் தந்த சுலக்ஷண் குல்கர்னி 2023-24-இல் தமிழ்நாட்டுக்கு வந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு அரையிறுதி. அதை வேண்டுமானால் கட்டுரையாளர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அந்த அரையிறுதியில் மும்பையிடம் 146-க்குச் சுருண்டு, ஒரு இன்னிங்ஸும் 70 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றோம். டாஸ் வென்று பேட்டிங் எடுத்த கேப்டன் சாய் கிஷோரின் முடிவை பயிற்சியாளர் பகிரங்கமாகவே குறை சொன்னார். வென்றால் பயிற்சியாளரின் அனுபவம், தோற்றால் கேப்டனின் டாஸ் என்றால், இந்தக் கணக்கில் அனுபவம் தோற்பதற்கு வழியே கிடையாது. அடுத்த பருவத்துக்குப் பயிற்சியாளராக பாலாஜி வந்துவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தையும் துணைக்கு இழுத்திருக்கிறார். இழுக்காமல் இருந்திருக்கலாம். 2017-இல் வட கரோலினாவுக்குத் தன் மூன்றாவது பட்டத்தை வாங்கித் தந்த ராய் வில்லியம்ஸ், 2019-20-இல் 14 வென்று 19 தோற்றார். 2012-இல் கென்டக்கியைச் சாம்பியனாக்கிய காலிபாரி, 2022-இல் செயின்ட் பீட்டர்ஸிடமும் 2024-இல் ஓக்லண்டிடமும் முதல் சுற்றிலேயே விழுந்தார். ஐந்து பட்டங்கள் வென்ற ட்யூக்கின் ஷஷெவ்ஸ்கியைக் கடைசி ஆட்டத்தில் 81-77 என்று வீட்டுக்கு அனுப்பிய ஹ்யூபர்ட் டேவிஸ், தலைமைப் பயிற்சியாளராகி அது முதல் ஆண்டு. அவரைப் பிடித்துக்கொண்டு புது ரத்தம் என்று கூவவும் முடியாது. அடுத்த ஆண்டு, நாட்டின் முதலிடம் என்ற கணிப்போடு தொடங்கிய அவர் அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை.

அனுபவம் குப்பை என்று நான் சொல்லவில்லை. ஆளை எடை போடவும், ஆட்டக்காரர்களைக் காலையில் நேரத்துக்கு எழுப்பவும் அது உதவும். ஆனால் தொடக்கத்திலேயே சறுக்கியவர்களை யாரும் மூத்த பயிற்சியாளர் ஆகும்வரை வைத்திருப்பதில்லை. மிஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, அனுபவசாலிகள் எல்லாம் வென்றவர்கள் என்று ஆச்சரியப்படுவது என்ன ஆராய்ச்சி? எங்கள் ஊருக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. 1954 இடைத்தேர்தலில் குடியாத்தம் ஜெயிக்கவைத்த காமராஜர், 1967-இல் சொந்த விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969-இல் நாகர்கோவிலில் மறுபடி வென்றார். மனிதர் அதேதான்.

கட்டுரையில் விதர்பாவின் இரண்டு கோப்பைகளும் பண்டிட்டின் கைராசிக்கு அத்தாட்சி. 2025-இல் விதர்பா மூன்றாவது கோப்பையையும் தூக்கியது. அப்போது பயிற்சியாளர் உஸ்மான் கனி. அந்தப் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.