பன்றிக்கு எந்தத் தோட்டா?

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. குஜிலியம்பாறைப் பக்கம் கடலையும் மக்காச்சோளமும் போட்டவர்களுக்கு நல்ல சேதிதான். ஆனால் எதை வைத்துச் சுடுவது? ஈயத்தின் முனைவரை உறையிட்ட ராணுவ வகைத் தோட்டா பன்றியைத் துளைத்துக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும். அங்கே கடலைக்குக் காவலிருப்பவர் யாரோ! அடிபட்ட பன்றியோ புதருக்குள் ஓடி மெல்லச் சாகும். முனையில் ஈயம் திறந்திருக்கும் தோட்டா உடம்புக்குள் விரிந்து தன் வேகத்தை அங்கேயே இறக்கிவைக்கும். வெளியே வந்தாலும் வலு குறைந்திருக்கும். இந்த வகையை வெள்ளைக்காரன் 1890களில் கல்கத்தா அருகே டம்டம்மில் மனிதர்களுக்காகவே செய்தான். 1899 ஹேக் மாநாடு போரில் அதைத் தடைசெய்தது. வேட்டையில் அதுவே இரக்கம் என்பது விநோதம்தான். ஒரு குறை உண்டு: சிதறிய ஈயத்துணுக்கு, செத்ததைத் தின்னும் பறவைகளுக்கு நஞ்சு. கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்கு ஈயத்தோட்டாவையே முழுதாகத் தடுத்துவிட்டது. ஆகவே வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள்: தோப்பும் வீடும் கலந்த சமவெளியில் முழு உறைத் தோட்டா வேண்டாம். பரண்மேல் இருந்து தரையைப் பார்த்துச் சுடுங்கள், சுட்டதை ஆழப் புதையுங்கள்.