செஞ்சிக் காற்றும் விமானக் கணக்கும்

ஆடி மாதம் மேல்காற்று வீசும்போது செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலைக்குச் சைக்கிளில் போவது கடினம். திரும்பி வருவது சுலபம். சாலையின் நீளம் இரு திசையிலும் ஒன்றே. ஆனால் நேரம் ஒன்றல்ல. செஞ்சி மாணவன் அனுபவத்தில் அறிந்த இந்த உண்மையை நம் வகுப்பறைக் கணக்கு மறந்துவிடுகிறது. ‘தூரத்தை வேகத்தால் வகு’ என்பதோடு அது நின்றுவிடுகிறது.

இது எவ்வளவு பெரிய குறை என்பதை ஒரு விமானப் பயணம் காட்டுகிறது.

2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனம் தில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு நேர் விமானம் விடத் தொடங்கியது. இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகள் பூமி உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிராக உள்ளன. எனவே மேற்கே பறந்தும் போகலாம். கிழக்கே பறந்தும் போகலாம். முதலில் விமானம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மேற்கு வழியாகச் சென்றது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் வழியை மாற்றிப் பசிபிக் கடலின் மேல் கிழக்கே சென்றது. தூரம் சுமார் 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. கூடுதல்! ஆயினும் பயணம் ஏறக்குறைய பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட இது சுமார் 2 மணி நேரம் குறைவு.

காரணம் என்ன? சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் பாய்கிறது. வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. சைக்கிளுக்குத் தரை சாலை. விமானத்துக்கோ காற்றே சாலை. அந்தச் சாலையே நகர்ந்தால்?

கணக்கிட்டுப் பார்ப்போம். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று கொள்வோம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று 25 கி.மீ. என்றால் தரையைப் பொறுத்து வேகம் 875 கி.மீ.; நேரம் 15.9 மணி. கிழக்கே போகும்போது பின்காற்று 140 கி.மீ. என்றால் வேகம் 1,040 கி.மீ.; நேரம் 14.7 மணி. நீண்ட வழியே விரைவான வழியாகிவிட்டது அல்லவா?

இது வெறும் வேடிக்கையன்று. இத்தகைய பெரிய விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 7 டன் எரிபொருளை எரிக்கிறது. நேரம் மிச்சமானால் எரிபொருளும் மிச்சம், புகையும் குறைவு.

பள்ளிக் கணக்கு எளிமையாகத்தானே இருக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆற்றோட்டத்தில் செல்லும் படகைப் பற்றி நாம் கணக்குப் போடவில்லையா? அதே கூட்டலும் கழித்தலும்தானே இங்கும் தேவை? ஆகவே விமானக் கணக்குகளில் காற்றின் திசையும் வேகமும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, மாணவ நண்பர்களே, ‘இத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி?’ என்று யாராவது கேட்டால், ‘காற்று எந்தப் பக்கம்?’ என்று திருப்பிக் கேளுங்கள்!