திருவாதிரையும் ரோகிணியும்: எது எத்தனை மடங்கு?

2019-ன் கடைசியில் மங்கத் தொடங்கிய திருவாதிரை நட்சத்திரம், 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. வெடிக்கப் போகிறது என்று பரபரத்தார்கள்; வெடிக்கவில்லை. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி நமக்குக் குறுக்கே நின்றதுதான் பெரும்பங்கு காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த நாட்களின் செய்திகளில் பொலிவெண் 0.5-லிருந்து 1.6 ஆனது என்று இருந்தது. எண் ஏறியிருக்க, ஒளி எப்படி இறங்கும்?

பொலிவெண் வகுப்பு ரேங்க் மாதிரி. ஒன்று உசத்தி, ஆறு கடைசி. கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களை ஆறு படியாகப் பிரித்தவர்கள் பழைய கிரேக்கர்கள். தாலமியின் பட்டியல் வழியாக அது நிலைத்தது. ஆனால் ரேங்கை மட்டும் வைத்து முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் எவ்வளவு இடைவெளி என்று சொல்ல முடியாதே. ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்த நார்மன் ராபர்ட் போக்சன் 1856-ல் அதற்கு ஒரு கணக்கு சொன்னார்: ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளி நூறு மடங்கு. அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இங்கே கூட்டல் கிடையாது, பெருக்கல்தான். இரண்டு படிக்கு ஆறு மடங்குக்குச் சற்று மேல், மூன்று படிக்குப் பதினாறு. ஒன்றை விடப் பிரகாசமானவை பூஜ்யத்தைத் தாண்டி மைனஸில் போகும். இரவு வானிலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் −1.46.

போக்சன் நமக்கு அந்நியர் இல்லை. 1861-ல் அரசு வானியலாளராக மதராஸ் வந்தவர், 1891-ல் இறக்கும்வரை இங்கேதான் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் அவருடைய ஆய்வகம் இருந்த வளாகம் இப்போது வானிலை மையம். அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் தென்வானத்தில் கண்டுபிடித்தார்.

திருவாதிரைக்கு வருவோம். பக்கத்திலேயே ரோகிணி இருக்கிறது, பொலிவெண் 0.87. சாதாரண நாளில் திருவாதிரையின் ஒளி ரோகிணியைப் போல ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 2020 பிப்ரவரியில் ரோகிணியில் பாதிதான் இருந்தது. வேட்டைக்காரன் உருவத்தில் திருவாதிரை ஒரு தோள் என்றால், மறு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் 1.64. அந்த மாதம் இரண்டு தோளும் சமம். இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், மொட்டை மாடி போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்க்கப் பார்க்க, இருப்பதை விடப் பிரகாசமாகத் தோன்றும். அதனால் வெறிக்காமல், ஒன்றிலிருந்து மற்றதற்குச் சட்டென்று கண்ணை மாற்றி ஒப்பிட வேண்டும். ரோகிணியும் செம்மஞ்சள் நிறம் என்பது இந்த வேலைக்கு வசதி.

ஆவடியிலிருந்து என்னத்தைத் தெரியும், ஒரே லைட்டு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அம்பத்தூர் எஸ்டேட் விளக்கும் சி.டி.எச். ரோட்டு விளக்கும் எந்த நட்சத்திரத்தின் ஒளியையும் குறைப்பதில்லை. பின்னால் இருக்கும் வானத்தை வெளுக்க வைக்கின்றன, அவ்வளவே. பொலிவெண் 6 வரை தெரியும் இருட்டில் வானம் முழுவதற்கும் சுமார் 5,000 நட்சத்திரங்கள் என்றால், 4 வரைதான் தெரியும் என்கிற இடத்தில் ஐந்நூறு. பத்தில் ஒன்பது போய்விட்டது. ஆனால் மிஞ்சியவற்றுக்குள் எது எத்தனை மடங்கு என்ற விகிதம், ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்து வாசலில் நின்று பார்த்தாலும் பூந்தமல்லியில் பார்த்தாலும் ஒன்றுதான். உங்கள் மாடி எந்த அளவு என்று தெரிய, மே மாதம் இரவு பத்து மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலத்தைப் பாருங்கள். வசிஷ்டர் சுமார் 2, ஒட்டியிருக்கும் அருந்ததி 4. பட்டப்பகலில் அம்மி மிதித்து மணமக்கள் பார்க்கும் அருந்ததி இதுதான். இரவிலேயே தெரிகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒப்பீட்டை உண்மையிலேயே கெடுப்பது காற்று. தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்திலிருந்து பத்து பாகை உயரத்தில் இருப்பதன் ஒளி அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் காற்றைக் கடக்க வேண்டும். நம் பக்கம் கிழக்கே நகரத்து வெளிச்சமும் தூசியும் வேறு. மார்கழி மாலையில் அப்போதுதான் ஏறும் திருவாதிரையை, மேலே ஏறிவிட்ட ரோகிணியோடு ஒப்பிட்டு ‘மறுபடி மங்கிவிட்டது’ என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு. தை மாதம் இரவு ஒன்பதரை வாக்கில் இரண்டும் ஏறக்குறைய உச்சியில் இருக்கும். அப்போது பாருங்கள்.

தூரத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; பொலிவெண் சொல்வது நமக்குத் தெரியும் ஒளியை மட்டும். ரோகிணி 65 ஒளியாண்டு. திருவாதிரை 500 ஒளியாண்டுக்கும் அப்பால்.

காற்று ஒப்பீட்டைக் கெடுப்பதற்கு, அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ் இன்னும் நல்ல உதாரணம். பொலிவெண் −0.74, சிரியஸுக்கு அடுத்த இடம். கணக்குப்படி சிரியஸ் இதைப் போல இரண்டு மடங்குதான். ஆனால் சென்னையில் அகத்தியர் தெற்கே சுமார் 24 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, சிரியஸ் 60 பாகை வரை ஏறும். காற்று கூடுதலாகத் தின்றுவிடுவதால், தூசி இருக்கும் இரவில் மாடியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் மூன்று மடங்கு போலத் தெரியும். பட்டியல்களில் அச்சாகும் எண்கள் இந்தக் காற்றுக் கழிவைச் சரிசெய்த பிறகு கிடைத்தவை. போக்சன் அளவுகோலை வகுத்த ஆக்ஸ்போர்டில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே அகத்தியர் உதிப்பதே இல்லை.