களைக்கொல்லிக்குப் பலியான மஞ்சள் பூ மறுபடி முளைத்தது எப்படி? ஒரு களையைக் காப்பாற்றுவது தேவையா?

ஸ்டேஷன் கார் பார்க்கிங்கில் முளைத்த ஒரு களைச்செடி. மருந்தடித்தார்கள், அழிந்துபோனது. முப்பது வருஷம் கழித்து, சேமித்த விதையிலிருந்து வளர்த்து அதே ஊரில் மறுபடி விதைத்திருக்கிறார்கள். 'வேற வேலை இல்லையா?' என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் யார்க் நகரில் 2023-ல் நடந்த இது, என்னைக் கேட்டால், செய்ய வேண்டிய வேலைதான்.

செடியின் பெயர் யார்க் கிரவுண்ட்செல். சூரியகாந்திக் குடும்பம், நம்ம ஊர் ரோட்டோர வெட்டுக்காயப் பூண்டுக்குத் தூரத்துச் சொந்தம். இதன் கதை சிசிலியின் எட்னா எரிமலையில் தொடங்குகிறது. அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த மஞ்சள் பூச்செடி, 18-ம் நூற்றாண்டு முடிவதற்குள் ஊர்ச் சுவர்களுக்குத் தாவிவிட்டது. 1844-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயில் வந்ததும் சார் கிளம்பிவிட்டார்! தண்டவாளத்துக் கரித்துண்டும் ஜல்லியும் எரிமலைச் சரளை மாதிரியே இருந்ததால் நாடு முழுக்கப் பரவியது. இதுதான் ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வார்ட்.

அது யார்க்கில் உள்ளூர் கிரவுண்ட்செல்லோடு கலந்ததில் பிறந்ததுதான் நம்ம ஹீரோ. 1979-ல் கண்டுபிடித்தார்கள். 1991-க்குப் பிறகு இயற்கையில் யாரும் பார்க்கவில்லை. பல்கலைக்கழக ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த மூன்று சின்னச் செடிகள் சாவதற்கு முன் ஒரு சிட்டிகை விதை கொடுத்தன. கியூ தாவரவியல் பூங்காவின் மில்லினியம் விதை வங்கியில் பத்திரமாக இருந்த அந்த விதைகளில் முதல் 100-ஐப் போட்டுப் பார்த்தபோது 98 முளைத்தன.

"அதுவே கலப்பினம், அப்பா வெளிநாட்டு வரவு, இதுக்கு ஏன் இவ்வளவு?" என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு புது இனம் உருவாவதை மனிதர்கள் கண்ணெதிரே பார்ப்பது ரொம்ப அபூர்வம். அதை அழித்ததும் நாம்தான், அதுவும் பார்க்கிங் சுத்தமா தெரியணும் என்பதற்காக. புலியைக் காப்பாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் இங்கே கேட்பது கொஞ்சம் விதையும், மருந்தடிக்காத ஒரு மூலையும்.

எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் குடும்பத்தில் 'ஒரு பூ' என்பது குட்டிப் பூக்களின் கூட்டம். சாதாரண கிரவுண்ட்செல்லில் பெரும்பாலும் ஓர இதழ்களே இருக்காது. விரியாத மொட்டு போலவே நிற்கும். ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வார்ட்டில் இதழ்கள் அகலமாக, பளிச்சென்று விரியும். யார்க் கிரவுண்ட்செல் இரண்டுக்கும் நடுவே: இதழ் உண்டு, ஆனால் சின்னது. காய்ந்ததும் மூன்றுமே வெள்ளைப் பஞ்சு விடும். செனீசியோ என்ற பேரினப் பெயரே 'கிழவர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, அங்கேதான் உஷார் தேவை. சாதாரண ராக்வார்ட் இடுப்பளவு வளரும், உச்சியில் பூக்கள் தட்டையான குடைபோல அடர்ந்திருக்கும். இதன் ஆல்கலாய்டுகள் குதிரை, மாடுகளின் கல்லீரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரைகள் பொதுவாகத் தொடாது. வைக்கோலோடு காய்ந்தால் கசப்பு போய்விடும், விஷம் போகாது. 1959 களைச் சட்டம் பெயர் சொன்ன ஐந்து செடிகளில் இதுவும் ஒன்று. மேய்ச்சல் நிலத்தில் இதைப் பிடுங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மற்ற இடங்களில் விடலாம். சின்னபார் அந்துப்பூச்சியின் கறுப்பு-மஞ்சள் வரிப் புழுக்களுக்கு இதுதான் சாப்பாடு. மஞ்சளாகத் தெரிந்தாலே ஸ்ப்ரே எடுக்கிற பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன்.

வளர்ப்பது கஷ்டமில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வார்ட், யார்க் கிரவுண்ட்செல் இரண்டுக்கும் உரம் போட்ட மண் வேண்டாம். சரளை, நல்ல வெயில், தண்ணீர் தேங்காத இடம் போதும். இவற்றிலும் அதே வகை நஞ்சு உண்டு என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கீரை என்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள்.

லண்டன் நண்பரிடம் நாலு விதை கேட்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் வெளிநாட்டு விதை கொண்டுவருவதை இந்தியாவின் 2003 தாவரத் தடுப்புக்காப்பு ஆணை தடுக்கிறது. பார்த்தீனியமும் இதே சூரியகாந்திக் குடும்பம்தான்.